காற்றுப் புகாத கதவு

தெரெந்தெய் வண்டியில் ஏறினால் தொப்பியைக் கழற்றிவிடலாம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். வெளியே துப்பினால் எச்சில் தரையைத் தொடுமுன் கல்லாகிவிடும் காலத்திலும் அவன் வண்டிக்குள் கிழவிகள் சால்வையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவார்கள். வெட்டாத முழு ரொட்டியைக் கிடத்தி வைத்தது போன்ற பழைய சாம்பல்நிற வேன். அதைத்தான் எங்கள் ஊரில் ரொட்டி என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அதுதான், சாவு வீட்டுக்கும் அதுதான், பிரசவத்துக்கும் அதுதான்.

தெரெந்தெய், புல்வெளியில் குதிரை மேய்த்த மெஹேலேயின் மூன்றாவது மகன். மூத்தவன் வெள்ளத்தில் போனான், அடுத்தவன் நகரத்தோடு போனான், இவன் வண்டியோடு தங்கினான். அவன் கட்டியது மீன்பிடிக்கிற இல்ஜாவின் தங்கை பல்பாராவை. எங்களில் ஒன்பது தலைமுறை எண்ணிப் பார்த்து, ரத்த சொந்தம் ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பெண் கொடுப்போம். அப்படி எண்ணி முடிக்க இரண்டு வீட்டுக் கிழவர்களுக்கும் ஒரு பகல் முழுவதும் தேவைப்பட்டது. எண்ணி முடித்ததும் இல்ஜாவே எழுந்து, "குடுக்கலாம். பையன் குடிக்கிறதில்ல, வண்டி ஓட்டத் தெரியும்" என்றான்.

அந்த வண்டி ஓட்டுவதுதான் வினையாகப் போயிற்று.

கல்யாணமான முதல் குளிரில், தன் தங்கையின் வீட்டு விருந்துக்கென்று பண்ணை லாரியில் பல்பாராவை ஏற்றிக்கொண்டு போனான் தெரெந்தெய். இரண்டு ஊருக்கு நடுவில் பெட்ரோல் குழாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொண்டது. லாரி நின்றது. ஸ்பேர் டயரைக் கொளுத்தினான். பின்பெட்டியின் பலகையைப் பிடுங்கிக் கொளுத்தினான். அவள் கால்களைத் தன் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்து உட்கார்ந்திருந்தான். விறகு லாரி ஒன்று வந்து சேர்ந்தபோது அவளுக்கு உயிர் இருந்தது, இடது காலில் இரண்டு விரல்கள் இல்லாமல் போயின.

இல்ஜா வந்து கட்டுப் போட்ட காலைப் பார்த்தான். தெரெந்தெயைப் பார்த்தான். "கட்டின பொண்ண சூடா வச்சுக்கத் தெரியாதவனுக்கு வண்டி எதுக்கு?" என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து தெரெந்தெயின் வண்டியில் அவன் காலெடுத்து வைத்ததில்லை. எங்கே போனாலும் நடந்தே போவான். பின்னால் வேன் வந்தால் பனியில் ஒதுங்கி நின்று, முகத்தைத் திருப்பிக்கொள்வான். வீட்டுக்கு வருவான், தங்கை கையால் சாப்பிடுவான், தெரெந்தெயோடு மீனைப் பற்றியும் குதிரையைப் பற்றியும் பேசுவான். வண்டியைப் பற்றி மட்டும் பேசமாட்டான்.

பல்பாரா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். கணவனோடு சண்டை வரும்போதெல்லாம், "எட்டு விரலோட உனக்குச் சோறாக்கிப் போடுறேன், இன்னும் என்ன வேணும்?" என்பாள்.

அதனால்தான் ஒவ்வொரு ஆண்டும் வாத்துகள் தெற்கே போனதும் தெரெந்தெய் ஷெட்டுக்குள் போய்விடுவான். வேறு வேலை எதற்கும் அவனைக் கூப்பிட முடியாது. ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை. அதன்மேல் எஞ்சினுக்குப் போர்வை: நெய்யாமல் அடித்து அழுத்திய தடித்த கம்பளி, நாலு மடிப்பு. தரைக்கு ஒரு கம்பளி, கூரைக்கு ஒரு கம்பளி. கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி வைத்து ஓரமெல்லாம் ஒட்டுவான். பின்கதவு இரண்டையும் உள்ளிருந்து பலகை அடித்து, வெயில் காலம் வரை திறக்க முடியாதபடி மூடிவிடுவான். உள்ளே விறகடுப்பு. ஓட்டுகிற இடத்துக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே பலகைத் தடுப்பு, அதில் ஒரு சின்ன ஜன்னல். ஹேண்ட்பிரேக் கம்பியைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவான். குளிரில் அதை இழுத்தால் பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளும், சக்கரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஷெட்டில் அடுப்பு அணையாது. அங்கிருந்து வெளியே போனால், திரும்பி வரும்வரை எஞ்சின் அணையாது.

அந்த ஆண்டு இன்னும் அதிகமாகப் பார்த்தான். காரணம் குன்னெய். ஒரே மகள். முதல் பிள்ளை வயிற்றில். புருஷன் வடக்கே வைரச் சுரங்கத்தில் ஷிப்டு முடியாமல் வர முடியாது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பக்கவாட்டுக் கதவு வழியாக எப்போதும் ஒரு நூல் காற்று உள்ளே வரும். எவ்வளவோ ஒட்டிப் பார்த்தும் அந்த நூல் போகவில்லை. இந்த முறை கதவைச் சுற்றிக் கம்பளியில் இரட்டை உதடு தைத்தான். நன்றாகப் படியட்டும் என்று நனைத்து, கதவை இறுக்கிச் சாத்தி, காய வைத்தான். காற்று நின்றது. மெழுகுவர்த்தியைக் கதவோரம் பிடித்துப் பார்த்தான். சுடர் அசையவே இல்லை.

முதல் முறை வெளியே எடுத்துப் போய்விட்டு வந்தபோது அந்தக் கதவு திறக்கவில்லை. உள்ளே இருந்தவர்களின் மூச்சு கம்பளியில் ஈரமாக இறங்கி, இரும்போடு சேர்ந்து உறைந்திருந்தது. பல்பாராவையும் பக்கத்து வீட்டுக்காரியையும் உள்ளே வைத்துக்கொண்டு, கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றித்தான் திறந்தான்.

"இது வண்டியா, மீன் டப்பாவா?" என்று இறங்கினாள் பல்பாரா.

அவனுக்கு வருத்தமில்லை. இவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்றால் காற்று எங்கே நுழையும் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டான். வீட்டில்தான் வெந்நீர் இருக்கிறதே.

அப்போது ஆறு உறையத் தொடங்கியிருந்தது. எங்கள் ஆற்றின் பெயர் அல்தான், ஆனால் அதன் முன்னால் நின்று பெயரைச் சொல்லமாட்டோம். பாட்டி என்போம். பாட்டி புதிதாகப் படுத்திருக்கிறாள் என்றால் பனி பிடித்திருக்கிறது, இன்னும் நம்ப முடியாது என்று பொருள். படகும் போகாது, வண்டியும் போகாது. அந்த நாட்களில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று ஊரே வேண்டிக்கொண்டிருக்கும்.

குன்னெய்க்கு அந்த நாட்களில்தான் வலி எடுத்தது, நாள் ஆகுமுன்னே. ஊர் நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, அக்கரை ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றாள். ஹெலிகாப்டருக்குச் சொன்னார்கள். காற்றே இல்லாமல் மூடுபனி வீட்டுக் கூரைவரை இறங்கியிருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று பதில் வந்தது. நாளைவரை தாங்காது என்று நர்ஸ் பல்பாராவின் காதில் மட்டும் சொன்னாள். பல்பாரா அதைக் கணவனிடம் சொல்லவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

இல்ஜாவுக்கு ஆள் போகவில்லை, அவனே வந்து நின்றான். கையில் நீளக் கடப்பாரை, பின்னால் மீன் இழுக்கிற பனிச்சறுக்கு வண்டி. முந்தாநாள் அவன்தான் ஆற்றின் குறுக்கே நடந்து போய், அடித்துப் பார்த்து, ஆற்றோரப் புதரில் ஒடித்த குச்சிகளை நட்டு வழி போட்டு வந்தவன்.

"ஒன்றரைச் சாண் இருக்கு. நடுவுல கொஞ்சம் கம்மி. வண்டி தாங்கும், மெதுவாப் போனா" என்றான். பிறகு, "நான் முன்னால நடக்குறேன்" என்றான். ஏறச் சொல்லிவிடப் போகிறார்களோ என்று முந்திக்கொண்டது போல இருந்தது.

குன்னெயை முயல்தோல் போர்வையில் சுற்றி, உள்ளே பலகையில் கிடத்தினார்கள். பல்பாரா ஃபிளாஸ்க் நிறையப் பால் கலந்த தேநீர் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். தெரெந்தெய் கதவைச் சாத்தினான். கம்பளி உதடு மெத்தென்று மூடிக்கொண்டது. உள்ளே வீட்டைவிடச் சூடு.

கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் பொழுது நன்றாக விடிந்துவிட்டது. விடிந்தாலும் பால் வெளிச்சம்தான், மூடுபனிக்குள் இரண்டு குச்சிக்கு மேல் கண் போகவில்லை. இல்ஜா குறுக்கு வழியாக முன்னமே வந்து நின்றிருந்தான். பல்பாரா, தடுப்புப் பலகையில் ஒரு தலை மட்டும் நுழைகிற அந்தச் சின்ன ஜன்னல் வழியாக, வெண்ணெய் தடவிய ஓர் அப்பத்தைக் கணவனிடம் நீட்டினாள். இல்ஜா அதை வாங்கிப் பிய்த்துப் பனியோரத்தில் வைத்து, பாட்டியிடம் உதடசைத்து ஏதோ கேட்டுக்கொண்டான். பனிமேல் இருக்கும்போது குரலை உயர்த்தக் கூடாது. சிரிக்கக் கூடாது, சண்டை போடக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

இன்னொன்றும் எல்லோருக்கும் தெரியும். புதுப்பனியில் போகும்போது கதவெல்லாம் திறந்திருக்க வேண்டும். பனி விட்டுக்கொடுத்தால் குதிக்க நேரம் இருக்காது. தெரெந்தெய் தன் பக்கத்துக் கதவைத் திறந்து கயிற்றால் கட்டினான். அடுத்த பக்கத்துக் கதவையும் கட்டினான். பிறகு பக்கவாட்டுக் கதவுக்கு வந்தான்.

கைப்பிடியை இழுத்தான். வரவில்லை. இல்ஜா கடப்பாரைக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருந்தான், பார்க்கவில்லை. தெரெந்தெய் தோளைக் கொடுத்து இழுத்தான். இரும்போடு இரும்பாக நின்றது. மூச்சு ஒட்டிவிட்டது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். மச்சான், கதவு ஒட்டிக்கிச்சு. அவ்வளவுதான். உள்ளே ஃபிளாஸ்க் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை அந்த ஒரு மனிதனிடம் சொல்ல வேண்டும். கட்டின பெண்ணைச் சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று சொன்ன மனிதனிடம், பெண்ணைச் சூட்டில் அடைத்துப் பூட்டிவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

இல்ஜா திரும்பினான். "அதக் கட்டலையா?"

"வலியில கிடக்கு புள்ள. குளிர் ஏற வேணாம்னு பாக்குறேன். தாப்பா போடல மச்சான், தள்ளினா தொறக்கும்."

இல்ஜா கதவைப் பார்த்தான். "பாட்டிமேல கதவ மூடிட்டுப் போனவன நான் பாத்ததில்ல."

உள்ளிருந்து பல்பாராவின் குரல் வந்தது. "அண்ணே, நிக்க நேரமில்ல. போங்க."

இல்ஜா போனான். சறுக்கு வண்டி அவன் இடுப்புக் கயிற்றில் பின்னால் இழுபட்டது. கடப்பாரையால் ஒரு குத்து, நாலு எட்டு, ஒரு குத்து. தெரெந்தெய் முதல் கியரில், கால் பெடலை மறந்தது போல மெதுவாக, அந்த முதுகின் பின்னாலேயே போனான். முழங்கால் வெளியே தொங்கியது. திறந்த கதவு வழியே குளிர் அவனைப் பிளந்துகொண்டு போயிற்று. அது அவனுக்கு உறைக்கவில்லை. தன் பக்கத்தில் கதவு திறந்திருக்கிறது, மகள் பக்கத்தில் திறக்காது. எந்த நிமிஷத்திலும் தான் குதித்துவிட முடியும் என்பதுதான் அவனைச் சுட்டது. கயிற்றை அவிழ்த்துத் தன் கதவையும் சாத்திவிட்டால் தேவலை என்றிருந்தது.

கரையோரப் பனி திடமாக இருந்தது. குச்சிகள் ஒவ்வொன்றாக மூடுபனிக்குள்ளிருந்து வந்து, கடந்து போயின. பாட்டி அவ்வப்போது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தாள். அது நல்ல சத்தம்தான், பனி இறுகும்போது வருவது. குன்னெய் முனகினாள். பல்பாரா ஏதோ தாழ்ந்த குரலில் பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆற்றின் நடுவுக்கு வந்தபோது இல்ஜா நின்றான். அவன் முன்னால் இருந்த குச்சியின் அடியில் பனி வெள்ளையாக இல்லை. நனைந்த துணி நிறத்தில் இருந்தது. முந்தாநாள் காய்ந்து கிடந்த இடம். எங்கோ நீர் அடைபட்டு, பனியைத் தூக்கிக்கொண்டு மேலே கசிந்திருக்கிறது. அதை அவன் நினைத்துப் பார்க்கவில்லை. தான் போட்ட வழி என்ற நம்பிக்கையில் இன்று காலை இன்னொரு முறை வந்து பார்க்காமல் விட்டுவிட்டான். கடப்பாரையால் குத்தினான். இரண்டாவது குத்தில் கடப்பாரை உள்ளே போனது.

அவன் கத்தவில்லை. இடது கையை நீட்டி, நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் காட்டினான். தெரெந்தெய் ஸ்டியரிங்கைத் திருப்பினான். வண்டி திரும்பும்போது பின்சக்கரத்தடியில் ஏதோ தொய்ந்தது. கட்டிலில் பாரமான ஆள் உட்கார்ந்தது போல. பக்கக் கண்ணாடியில் பார்த்தான், சக்கரத்தைச் சுற்றி நீர் ஊறி வந்துகொண்டிருந்தது.

இல்ஜா ஓடி வந்தான். வாய் தெரெந்தெயின் காதுக்குப் பக்கத்தில். "நிறுத்தாதே. ஊந்துக்கிட்டே இரு. புள்ளைய சறுக்குல ஏத்திக்கிறேன், வண்டிக்குப் பாரம் குறையும்." சொல்லிக்கொண்டே வண்டியைச் சுற்றி ஓடி, பக்கவாட்டுக் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான்.

தெரெந்தெய் கண்ணாடியில் அதைப் பார்த்தான். இல்ஜா இழுத்தான். திரும்ப இழுத்தான். காலை வண்டியில் ஊன்றி இழுத்தான். பிறகு இழுப்பதை விட்டு, கண்ணாடியில் தெரெந்தெயின் கண்ணைப் பார்த்தான்.

"என்னது இது?" என்றது உதடு.

"ஒட்டிக்கிச்சு மச்சான்" என்றான் தெரெந்தெய், முன்னாலேயே பார்த்துக்கொண்டு. "கரையிலயே ஒட்டியிருந்தது. எனக்குத் தெரியும்."

இல்ஜா வண்டியோடு சேர்ந்து நடந்தான். ஆள் முகமெல்லாம் வெள்ளைப் பனி படிந்து, கண் மட்டும்தான் தெரிந்தது. சண்டை போட்டார்கள், ஆனால் குசுகுசுவென்று. பக்கத்தில் நின்று பார்த்தவன் இருந்தால், இரண்டு பேர் ரகசியம் பேசுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பான்.

"தெரிஞ்சுதான் ஏத்துனியா? என் தங்கச்சி, அவ பொண்ணு, வயித்துல ஒண்ணு. மூணையும் பூட்டிட்டு நீ மட்டும் கதவத் தொறந்து வச்சுக்கிட்டியா?"

"ஆமா."

"பின்பக்கம்?"

"பலகை அடிச்சிருக்கு."

"கண்ணாடி?"

"ரெட்டைக் கண்ணாடி. ஆள் நுழையாது."

"நீயெல்லாம்," என்றான் இல்ஜா. அதற்கு மேல் பனிமேல் சொல்லக்கூடாத வார்த்தை வரும் என்று வாயை மூடிக்கொண்டான்.

சின்ன ஜன்னலில் பல்பாராவின் முகம் வந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "யோவ். இப்பவும் வெந்நீருக்குத்தான் தொறக்குமா?"

"வெந்நீருக்குத்தான்."

"அதச் சொல்ல உனக்கு வாய் வரலியா?" அவள் முகம் மறைந்தது. ஃபிளாஸ்க் மூடி திருகும் சத்தம் கேட்டது. "எங்க ஊத்தணும்?"

"கைப்பிடிப் பக்கம் மேலேருந்து கீழ. கொஞ்சம் கொஞ்சமா. அடியில கடைசியா."

தேநீர் மணம் வண்டிக்குள் பரவியது. வெண்மையாக ஆவி. வெளியே இல்ஜா கடப்பாரை நுனியை இடுக்கில் வைத்துக் காத்திருந்தான், நடந்துகொண்டே. பனி மறுபடி தொய்ந்தது. நீர் இப்போது முன்சக்கரத்துக்கும் வந்துவிட்டது. தெரெந்தெய் பெடலை மிதிக்கவும் இல்லை, விடவும் இல்லை. மிதித்தால் சக்கரம் வழுக்கும், விட்டால் நிற்கும். நின்றால் நின்ற இடம் உள்ளே போகும். கையில் வேர்த்தது. வேர்த்த கை ஸ்டியரிங்கில் ஒட்டி உறைந்தது.

"காலி" என்றாள் பல்பாரா.

"மேல் மூல வரல" என்றான் இல்ஜா வெளியிலிருந்து.

பல்பாரா பலகைமேல் ஏறி நின்று, அந்த மூலையில் வாயை வைத்து ஊதத் தொடங்கினாள். நீளமாக, சூடாக. மூச்சு எடுத்து, மறுபடி. ஒட்டியதும் மூச்சுதான், அவிழ்க்கப் போவதும் மூச்சுதான் என்பது போல. இல்ஜா கடப்பாரையை நெம்பினான். கம்பளி கிழிந்தது. துணி கிழிகிற அந்தச் சத்தத்தை விடப் பெரிய சத்தம் அன்றைக்கு அந்த ஆற்றில் கேட்கவில்லை. கதவு திறந்தது.

குளிர் வெள்ளைச் சுவராக உள்ளே போனது. குன்னெயைப் போர்வையோடு தூக்கினார்கள். "மாமா, பெரிசா இருக்கேன்ல, தூக்க முடியுதா?" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டே.

"உங்கப்பன் கதவவிட நீ லேசுதான்" என்றான் இல்ஜா.

சறுக்கு வண்டியில் கிடத்தி, அண்ணனும் தங்கையும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்து இழுத்தார்கள். பல்பாரா இடது காலைச் சற்று இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். அன்று அவள் அண்ணனுக்கு முன்னால் போனாள். போகுமுன் இல்ஜா திரும்பினான். "விட்டுட்டு எறங்கி வா மாப்ளே. வண்டி போகட்டும்."

மாப்பிள்ளை என்று அவன் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. தெரெந்தெய் தலையசைத்தான், இறங்கவில்லை. அக்கரை ஓரத்தில் ஊர் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து நடந்தால் ஒரு பகல் ஒரு இரவு. வண்டி ஆற்றுக்குள் போனால் பிள்ளையும் தாயும் கரைமேல் உறைந்து போவார்கள். கதவு ஒட்டியதற்கு அவன்தான் காரணம். வண்டியையும் அவன்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

இரண்டு பேர் பாரம் குறைந்த வண்டி கொஞ்சம் நிமிர்ந்தது. மூடுபனிக்குள் சறுக்கு வண்டி மறைந்த பிறகு அவனுக்குக் குச்சியும் இல்லை, முதுகும் இல்லை. பனியில் சறுக்கு வண்டி கீறிப்போன இரண்டு கோட்டைப் பார்த்துக்கொண்டே போனான். பக்கவாட்டுக் கதவு பின்னால் மெதுவாக அடித்துக்கொண்டது. நீர் சக்கரத்தில் ஏறி, ஏறிய இடத்திலேயே உறைந்து, வண்டி கனத்தது. பிரேக்கைத் தொடவில்லை. ஒருமுறை பின்பக்கம் முழுசாகக் கீழே போவது போல இருந்தது, கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது இன்னும் போய்க்கொண்டிருந்தான். எதிரே கரை மேடு கறுப்பாக எழுந்தது. அதன்மேல் இரண்டு பேர் நின்றார்கள்.

மேட்டில் ஏறியதும் மகளைத் திரும்ப உள்ளே கிடத்தினார்கள். அடுப்பில் இன்னும் கங்கு இருந்தது, இரண்டு கட்டை போட்டார்கள். கதவைச் சாத்தப் போனார்கள். சாத்த முடியவில்லை. தேநீர் ஊறிய கம்பளி உதடு கல்லாக உப்பி நின்றது. அங்குமிங்கும் கிழிந்து தொங்கியது. கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஓர் ஆள் தோள் அகலத்துக்கு இடைவெளி. அதன் வழியே வருகிற குளிரில், போய்ச் சேர்வதற்குள் உள்ளே இருப்பவர்கள் விறைத்துவிடுவார்கள்.

தெரெந்தெய் தன் மேலங்கியைக் கழற்றினான். "ஓட்டுறவன் செத்தா எல்லாரும் சாக வேண்டியதுதான், போடு அத" என்றான் இல்ஜா.

பிறகு அவன் வண்டியைப் பார்த்தான். கூரையிலிருந்து தரை வரை பார்த்தான். கடப்பாரையை உள்ளே எறிந்தான். குதிரைத்தோல் மேலங்கியின் மயிர்ப்பக்கம் வெளியே இருக்கும்படி இறுக்கிக் கட்டிக்கொண்டு, காலைத் தூக்கி உள்ளே வைத்தான். கதவிடுக்கில் முதுகைக் கொடுத்து, முழங்காலைப் பலகையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தான். இடைவெளி அடைபட்டது.

"போ" என்றான்.

வழி முழுக்க அவன் அப்படியேதான் இருந்தான். நடுவில் பல்பாரா இடம் மாறிக்கொள்ளலாம் என்று சொன்னதற்கு, நீ ஏற்கனவே குடுத்துட்ட, பேசாம இரு என்றானாம். குன்னெய் அவன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வலி வரும்போதெல்லாம் நெரித்தாள். தெரெந்தெய் அந்தச் சின்ன ஜன்னல் வழியாக ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை அணைக்காமல் இறங்கினான். நர்ஸுகள் குன்னெயை உள்ளே எடுத்துப் போனார்கள். இல்ஜா எழுந்திருக்கவில்லை. மேலங்கியின் முதுகு கதவுச் சட்டத்தோடு உறைந்து ஒட்டியிருந்தது.

தெரெந்தெய் உள்ளே ஓடி, சமையல்கட்டிலிருந்து ஒரு கெட்டில் வெந்நீர் வாங்கி வந்தான். மச்சானின் முதுகோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். மேலேயிருந்து கீழே. தோல் விட்டுக்கொடுத்ததும் இல்ஜா எழுந்தான். அவன் இடது காதின் மேல்பாதி மெழுகு போல வெளுத்திருந்தது.

வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். இல்ஜாவின் காதில் மேல்நுனி போயிற்று.

மறுநாள் கட்டுப் போட்ட காதோடு அவன் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது பல்பாரா கணவனைப் பார்த்துச் சொன்னாள்: "என்கிட்ட ரெண்டு விரல். எங்கண்ணன்கிட்ட ஒரு காது. உன் வண்டிக்கு எங்க வீட்டுல இன்னும் யாருகிட்ட என்ன வேணும்னு இப்பவே சொல்லிடு, எடுத்து வைக்கிறோம்." இல்ஜாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் காது வலித்தது. வலித்தும் சிரித்தான். தெரெந்தெய் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் வண்டியடியில் படுத்து, ஏற்கனவே பார்த்துவிட்ட சக்கரத்தை இன்னொரு முறை பார்த்தான்.

அடுத்த ஆண்டு வாத்துகள் தெற்கே போனதும் வழக்கம் போல ஷெட்டுக்குள் போனான். அட்டை, போர்வை, இரட்டைக் கண்ணாடி எல்லாம் உண்டு. பின்கதவுக்குப் பலகை அடிக்கவில்லை. பக்கவாட்டுக் கதவுக்குக் கம்பளி உதடும் இல்லை. ஒரு தோல் பட்டை மட்டும். ஒரு நூல் காற்று வந்துகொண்டேயிருக்கும். ஏறுகிற கிழவிகள் முறையிட்டார்கள், தெரெந்தெய்க்கு வயதாகிவிட்டது, கை சோர்ந்துவிட்டது என்றார்கள். அவன் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னான்.

அந்தக் கதவோரத்து இடம் இப்போது இல்ஜாவுக்கு என்று ஆகிவிட்டது. சந்தைக்குப் போனாலும், பேத்தியைப் பார்க்கப் போனாலும் அங்கேதான் உட்காருவான், காதில்லாத பக்கத்தைக் கதவுக்குக் கொடுத்துக்கொண்டு. பாதி வழியில் கட்டாயம் ஒருமுறை சொல்வான்.

"மாப்ளே, காத்து வருது."

"வரட்டும் மச்சான்" என்பான் தெரெந்தெய்.